விசையின் கனமும் வேண்டியதே

கடந்த தேர்தல் முடிந்து சில நாள்கள் ஆகியிருந்தன. பொங்கலூரில் உள்ள என் பட்டறைக்கு, நன்கு அறிமுகமான கோழிப்பண்ணை உரிமையாளர் ஒருவர் வந்தார். தேர்தல் நடத்தை விதிகளையொட்டிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த தம் ரிவால்வரை அன்றுதான் திரும்பப் பெற்றிருந்தார். உரிமம் பெற்ற துப்பாக்கி. "அண்ணா, இதோட டிரிகர் ரொம்ப இறுக்கமா இருக்குதுங்க. ஊட்டுல அவளால இழுக்கவே முடியல. மில்லு மெசினுக்கே ஸ்பிரிங் மாத்தற கை உங்களுது. இதைக் கொஞ்சம் இளக்கிக் குடுத்துருங்க" என்றார்.

நூற்பாலை இயந்திரங்களையும் பின்னலாடை இயந்திரங்களையும் பழுது பார்ப்பது முப்பது ஆண்டுகளாக என் தொழில். இடையில் சில ஆண்டுகள் துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் ஈடுபட்டிருக்கிறேன். இரண்டையும் அறிந்தவர் என்ற நம்பிக்கையில்தான் அவர் என்னிடம் வந்தார். நான் மறுத்துவிட்டேன், அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவும் விடவில்லை. அவர் முகம் வாடியது. "கைப்பிடி அளவு சாமான், இதுல என்னங்க இருக்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நின்றபடியே முழுமையாக விடை சொல்ல இயலவில்லை. இக்கட்டுரை அந்த விடைதான்.

முதலில், அவருடைய விருப்பத்தில் தவறில்லை. விசை எளிதாக இழுபட வேண்டும் என்பதை உற்பத்தியாளர்களே ஒரு விற்பனைக் குணமாக முன்வைக்கிறார்கள். 2012 தில்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 500 கிராம் எடையும் டைட்டானியம் கலந்த உலோகமும் அதன் சிறப்புகளாகப் பேசப்பட்டன. விலை 1.22 லட்சம் ரூபாய். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத் துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் ஒன்றான, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. பக்கவாட்டில் திறக்கும் தோட்டா உருளை, 50 மீட்டர் வரை எட்டும் திறன் ஆகியவற்றோடு, விசையை இழுப்பது எளிது, பெண்களும் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அப்போது எடுத்துச் சொல்லப்பட்டது. நம் ஊர் வழியாகக் கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையின் மறுமுனையில் உள்ள திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இப்போது இதே நிறுவனத்தின் கீழ்தான் இயங்குகிறது.

ஆக, 'எளிய விசை' என்பது தொழிற்சாலையின் வரைபட மேசையில் தீர்க்கப்பட வேண்டிய ஒரு பொறியியல் கேள்வி. அதைப் பட்டறை மேசையில் அரத்தைக் கொண்டு தீர்க்க முற்படும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. ஏன் என்பதை அறிய, விசையை இழுக்கும்போது உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும்.

ரிவால்வரை இரு வகையாகச் சுடலாம். பின்புறம் துருத்தி நிற்கும் சுத்தியலை (பழைய துப்பாக்கிக்காரர்கள் 'குதிரை' என்பார்கள்) கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு விசையைத் தொடுவது முதல் வகை. இதில் விசைக்கு ஒரே வேலைதான். சுத்தியலைப் பிடித்திருக்கும் கொக்கியை விடுவிப்பது. ஆகவே இரண்டு கிலோ எடைக்கு ஈடான அழுத்தமே பெரும்பாலும் போதும். விரல் நகரும் தூரமும் மிகக் குறைவு. இரண்டாவது வகையில் சுத்தியலைத் தொடுவதே இல்லை. விசையை மட்டும் நீளமாக இழுக்கிறோம். அந்த ஒரே இழுப்பில் தோட்டா உருளை ஓர் அறை சுழல வேண்டும். குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். சுத்தியல் பின்னே சென்று, ஸ்பிரிங்கை முழுவதும் அழுத்தி, பிறகு விடுபட்டுப் பாய வேண்டும். இத்தனை வேலையையும் ஒற்றை விரல் செய்வதால் ஐந்து கிலோவும் அதற்கு மேலும் அழுத்தம் தேவைப்படுகிறது.

இந்த இரண்டாம் வகை புதிதன்று. லண்டனில் 1851-இல் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ் வைத்த ரிவால்வர், விசையை இழுத்தால் மட்டுமே சுடக்கூடியது. 1856-இல் பியூமாண்ட் என்ற ராணுவ அதிகாரி அதைத் திருத்தி, இரு வகையிலும் சுடும் வசதியைச் சேர்த்தார். அன்று தொடங்கி இன்றுவரை, கனத்த நீள இழுப்பு ரிவால்வரின் குறையாகவும் பாதுகாப்பாகவும் ஒருசேரக் கருதப்பட்டு வருகிறது.

என் நண்பரின் கையில் உள்ள கனம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, சுத்தியலைச் செலுத்தும் முதன்மை ஸ்பிரிங். இரண்டு, சுட்டபின் விசையைப் பழைய இடத்துக்குத் தள்ளும் சிறிய ஸ்பிரிங். மூன்று, ஒன்றோடொன்று தேயும் உலோகப் பரப்புகளின் உராய்வு. முதல் இரண்டும் ஒரு வேலையைச் செய்வதற்காக வைக்கப்பட்டவை. மூன்றாவது, வேலை எதுவும் செய்யாமல் விரலின் பலத்தைத் தின்பது. பலரும் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. 'கனம்' என்று அவர்கள் சொல்வது பல நேரங்களில் கரகரப்புதான். சீராக ஏறும் ஐந்து கிலோ விரலுக்குப் பழகிவிடும். நான்கு கிலோவாகவே இருந்தாலும் இடையிடையே சிக்கிச் சிக்கி நகரும் விசை ஒருபோதும் பழகாது. ஒவ்வொரு சிக்கலிலும் துப்பாக்கி அசைந்து குறி தவறும்.

இந்த வேறுபாடு நூற்பாலையில் வேலை செய்த எவருக்கும் உடனே விளங்கும். ரிங் ஃபிரேமில் இழை இழுக்கும் உருளைகளின் மேல் டாப் ஆர்ம் ஓர் அழுத்தம் கொடுக்கிறது. அதைத் தளர்த்தினால் உருளைகள் இலேசாகச் சுழலும். ஆனால் இழைகளின் மீதான பிடி தளர்ந்து, நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். அந்த நூலில் பின்னிய துணியில் குறை பளிச்சென்று தெரியும். அதே இயந்திரத்தில் பேரிங்கில் கெட்டிப்போன கிரீஸையும் பஞ்சையும் நீக்கினாலும் உருளை இலேசாகச் சுழலும். நூலுக்கு எந்தக் கேடும் வராது. இரண்டிலும் கையால் சுற்றிப் பார்த்தால் கிடைப்பது ஒரே இலேசு. முதலாவது இயந்திரத்தின் வேலையைத் திருடிக் கொடுத்தது. இரண்டாவது வீணானதை மட்டும் நீக்கிக் கொடுத்தது.

துப்பாக்கியில் முதன்மை ஸ்பிரிங்கைத் தேய்ப்பதும் வெட்டுவதும் டாப் ஆர்மைத் தளர்த்துவது போன்றவை. தோட்டாவின் அடியில் பிரைமர் எனப்படும் சிறு உலோகக் கிண்ணி இருக்கிறது. சுத்தியல் போதிய வேகத்தில் தாக்கினால்தான் அதனுள் இருக்கும் கலவை பற்றும். ஸ்பிரிங்கின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால், அதே அளவு வளையும்போது அது சேமித்துத் தரும் ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். தொழிற்சாலை அந்த ஸ்பிரிங்கை ஓர் உபரியோடுதான் வடிவமைக்கிறது. கிண்ணி சற்றுத் தடித்த தோட்டா, பழைய தோட்டா, உள்ளே படிந்த அழுக்கு, இறுகிய எண்ணெய் ஆகிய அத்தனையையும் மீறி வெடிக்க வேண்டும் என்பதற்கான உபரி அது. வெட்டியெடுக்கப்படுவது அந்த உபரிதான். மேசையில் காலி அறையோடு இழுத்துப் பார்க்கும்போது அருமையாக இருக்கும். 'டிக்' என்ற ஓசை மட்டும் வந்து தோட்டா வெடிக்காமல் போவது, அதை வாங்கிய நோக்கம் எழும் அந்த ஒரு நொடியில் தெரிய வரலாம்.

விசையைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங்கிலும் இதே கதைதான். அது வலுவிழந்தால் சுட்டபின் விசை முழுவதும் முன்னே வராது. பதற்றத்தில் இருப்பவர் பாதியில் நிற்கும் விசையை மறுபடி இழுப்பார்; உருளை சுழலாது.

வெளிநாடுகளில் இந்தப் பணியைச் செய்யும் தேர்ந்த கைவினைஞர்கள், ஸ்பிரிங்கை மாற்றியபின் உரியவர் பயன்படுத்தும் அதே வகைத் தோட்டாக்களை நூற்றுக்கணக்கில் சுட்டுப் பார்த்த பிறகே துப்பாக்கியைக் கையில் கொடுப்பார்கள். ஒன்றுகூட வெடிக்காமல் போகக் கூடாது; போனால் பழைய ஸ்பிரிங் திரும்பவும் உள்ளே போகும். நம் நாட்டில் உரிமத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க இயலாது. வாங்கியதையும் தோட்டத்தில் நின்று சுட்டுப் பார்க்க முடியாது. சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒரு மாற்றத்தை உயிர்காக்கும் கருவியில் செய்வது எப்படிச் சரியாகும்?

அப்படியானால் ஸ்பிரிங்கை விட்டுவிட்டு உராய்வை மட்டும் குறைத்தால் என்ன? கோட்பாட்டளவில் அதுவே சரியான வழி. ஆனால் அதிலும் கை தவறினால் மீட்பில்லை. விசையும் சுத்தியலும் பற்றிக்கொள்ளும் விளிம்புகள் மேற்பரப்பில் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகால் ஆனவையாக இருக்கும். அந்தக் கடினத் தோல் மிக மெல்லியது. தேர்ந்த கைவினைஞர் மிக நுண்ணிய சாணைக்கல்லால் பிசிறுகளை மட்டும் நீக்குவார். கோணத்தை மாற்ற மாட்டார். கண்ணாடி போல் மின்ன வேண்டும் என்று மோட்டார் சக்கரத்தில் பிடிப்பவர், விளிம்பை உருட்டிவிடுவார். தோலைத் தாண்டி மென்மையான உள்ளுலோகத்தைத் தொட்டுவிடுவார். சில வாரங்களுக்கு விசை வெண்ணெயாக வழுக்கும். பிறகு மென்மையான விளிம்பு விரைவில் தேயும். பின்னிழுத்து நிறுத்திய சுத்தியல், யாரும் விசையைத் தொடாமலேயே, ஒரு தட்டலில் நழுவி விழக்கூடிய நிலை வரும். ஊசி ஓடும் கேமில் ஒரு தேய்மானம் வந்தால் துணியில் கோடு விழும். அந்தத் துணியைக் கழித்துவிடலாம். இங்கே நழுவுவதைக் கழிக்க முடியாது.

ஒரு பாகத்தை எடுத்துவிட்டு எளிமையாக்க முனைந்ததன் விளைவை ஓர் அரசாங்கமே கண்டிருக்கிறது. இந்தியாவில் பொதுமக்களுக்கு விற்கப்படும் .32 ரிவால்வரின் மடங்கித் திறக்கும் உடலமைப்பு, பிரிட்டனின் வெப்ளி ரிவால்வர்களிலிருந்து வந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே 1930-களில் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற என்ஃபீல்டு ரிவால்வர். டாங்கிகளுக்குள் இருந்த வீரர்களுக்குச் சுத்தியலின் நுனி இடறியது. ஆகவே 1938-இல் அந்த நுனியை நீக்கி, விசையை இழுத்து மட்டுமே சுடும்படி ஆக்கினார்கள். இழுப்பு தாங்கும்படி ஸ்பிரிங்கின் வலிமையையும் குறைத்தார்கள். அது தொழிற்சாலையே ஆராய்ந்து செய்த மாற்றம், நிலைத்தது. போர்க்காலத்தில் 1942-இல் உற்பத்தியை விரைவுபடுத்த, சுத்தியல் தவறுதலாகத் தோட்டாவைத் தொடாதபடி தடுக்கும் ஒரு சிறு பாகத்தையும் விட்டுவிட்டார்கள். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற நிலை உருவானது. போர் முடிந்ததும் அந்த வகைத் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று, அதே பாகத்தை மறுபடி பொருத்த வேண்டியதாயிற்று. துப்பாக்கியைப் பிரித்துப் பார்ப்பவருக்கு 'இது எதற்கு?' என்று தோன்றும் சிறு துண்டுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம்.

'போட்டிகளில் சுடுபவர்களின் விசை எவ்வளவு இலேசு!' என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். ஆயினும் அங்கேயும் ஒரு கீழ்வரம்பு உண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் விசையின் கனம் 500 கிராமுக்கும், 25 மீட்டர் பிஸ்டலில் 1,000 கிராமுக்கும் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதித்த பிறகே களத்தில் அனுமதிப்பார்கள். நுட்பமான கருவி எவ்வளவு எளிதில் கைவிடும் என்பதையும் அந்தக் களமே காட்டியது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது. சரிசெய்வதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்தன. மிகக் குறைந்த புள்ளி வித்தியாசத்தில் இறுதிச் சுற்றை இழந்தார். பாரிஸில் 2024-இல் இரண்டு வெண்கலப் பதக்கங்களுடன் அவர் மீண்டு வந்ததை நாடே கொண்டாடியது. விளையாட்டில் அடுத்த வாய்ப்பு உண்டு. தற்காப்புக்கென்று வாங்கிய கருவி கைவிட்டால் அப்படியொரு வாய்ப்பு வருமா?

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கனம் கூடக்கூடப் பாதுகாப்பு கூடும் என்பதும் உண்மையன்று. நியூயார்க் காவல் துறை, பதற்றத்தில் விரல் பட்டுச் சுட்டுவிடும் விபத்துகளை அஞ்சி, முன்பு ரிவால்வர்களிலேயே சுத்தியலை முன்கூட்டி இழுத்து நிறுத்தும் வசதியை நீக்கியது. பிஸ்டலுக்கு மாறியபோதும், ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட கனமுள்ள விசையை வேண்டிப் பெற்றது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் ஆயுதம் ஏந்திய ஒருவரை நோக்கிக் காவலர்கள் சுட்டபோது, வழியில் நின்ற ஒன்பது பேர் காயமடைந்தனர். அவர்கள் மீது பட்டவை காவலர்களின் குண்டுகளும் அவற்றின் சிதறல்களுமே. மிகக் கனத்த விசை குறியைக் கெடுத்திருக்கலாம் என்ற விவாதம் அதன்பின் வலுத்தது. எனவே என் நண்பரின் குறை வெறும் வசதிக்குறை என்று தள்ளிவிடக்கூடியதன்று. இழுக்க முடியாத விசையும் ஓர் ஆபத்துதான். தீர்வை எங்கே தேடுவது என்பதில்தான் வழி பிரிகிறது.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, உரிய உரிமம் இன்றித் துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது ஆகியவற்றோடு மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, சோதிப்பது ஆகியவற்றையும் தடை செய்கிறது. 2019-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, அதை மீறினால் குறைந்தது ஏழாண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரையிலும் நீளலாம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருப்பது, பட்டறைக்காரன் அதைத் திறந்து பார்ப்பதற்கான உரிமம் ஆகாது. இன்னொன்றையும் நண்பரிடம் சொன்னேன். உரிமத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. மனைவியின் பெயர் முறைப்படி உரிமத்தில் ஏறாதவரை, விசை எவ்வளவு இலேசாக இருந்தாலும் அந்தக் கருவி அவர் கைக்குப் போகலாகாது. அவர் அதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை.

சரியான வழி வரிசையாக இருக்கிறது. முதலில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து முழுமையாகத் துப்புரவு செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த கருவியில் எண்ணெய் பிசினாகியிருக்கும். பஞ்சுத்தூசி பறக்கும் நம் பகுதியில் அது இன்னும் விரைவில் நேரும். அடுத்து, கைப்பிடி கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய கையில் பெரிய பிடி அமைந்தால் விரல் நுனி மட்டுமே விசையை எட்டும்; அதே கனம் இருமடங்காகத் தோன்றும். மூன்றாவதாக, சுடுதளத்தில் பயிற்றுநர் முன்னிலையில் முறையான பழக்கம் வேண்டும். இம்மூன்றுக்குப் பிறகும் தேவையிருந்தால் மட்டுமே ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச வேண்டும். அதுவும் அந்த மாதிரிக்கென்று தொழிற்சாலை தரும் ஸ்பிரிங்காக இருக்க வேண்டும். முடிந்தபின் சுடுதளத்தில் சோதித்து வாங்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. எடை, நீளம், விலை ஆகியவற்றை விளம்பரப்படுத்தும் பொதுத் துறை நிறுவனம், இருவகை இழுப்பிலும் விசையின் கனம் எத்தனை கிலோ என்பதையும் அச்சிட்டுத் தர வேண்டும். 'எளிது' என்பது அளவன்று. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமம் கோருவோருக்குப் பாதுகாப்புப் பயிற்சியை வகுத்துள்ளன. அந்தப் பயிற்சியின்போதே, வாங்கப்போகும் மாதிரியின் விசையைக் காலி அறையோடு இழுத்துப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியபின் விரலுக்கு எட்டவில்லை என்று அறிந்தவர்கள்தாம் அரத்தைத் தேடிப் பட்டறைக்கு வருகிறார்கள். தொழிற்சாலைகளின் பழுதுபார்க்கும் வசதியும் மாவட்டங்களுக்கு அருகில் வர வேண்டும். முறையான வழி தொலைவிலும் முறையற்ற வழி அடுத்த தெருவிலும் இருந்தால், மக்கள் எதைத் தேர்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரு வாரங்கள் கழித்து நண்பர் மறுபடி வந்தார். இம்முறை பை இல்லை. கோவையில் உரிமம் பெற்ற ஒருவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்ததாகவும், உள்ளே எண்ணெய் கெட்டியாகித் தூசியோடு ஒட்டிக் கிடந்ததாகவும் சொன்னார். ஸ்பிரிங்கை அவர் தொடவில்லையாம். "இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டேன். "கனமாத்தானுங்க இருக்குது. ஆனா அந்தக் கரகரப்பு போயிருச்சு" என்றார். மனைவியிடம் பேசி, வீட்டைச் சுற்றிக் கேமராவும் விளக்கும் போட்டுவிட்டதாகவும் கிளம்பும்போது சொன்னார்.